படகைக் கட்டிவிட்டு வீடு திரும்பும் முன்

2016 டிசம்பர் 12 பிற்பகல். சென்னையைப் புரட்டியெடுத்த வர்தா புயல் திடீரென்று ஓய்ந்தது. எல்லாம் முடிந்தது என்று பலர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று மறுபடி சீறியது. நகரத்தின் மேல் கடந்துபோனது புயலின் கண்.

ஒரு திசைக் காற்றை மட்டும் நம்பிக் கட்டிய படகு இப்படிப்பட்ட வேளையில்தான் கயிற்றை இழுத்துக்கொண்டு சுழன்று பக்கத்துப் படகின் மேல் மோதும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியானாலும், தெற்கே எண்ணூர்க் கழிமுகமானாலும், ஃபைபர் படகுகள் நெருக்கியடித்துதான் நிற்கும். ஒன்று அவிழ்ந்தால் சேதம் அதோடு நிற்காது.

அதனால் அணியத்தில் ஒரு கயிறு போதாது. அணியத்திலிருந்து கரைக்கு ஒன்று, அமரத்திலிருந்து எதிர்ப்பக்கம் நங்கூரத்துக்கு ஒன்று என்று இரு முனையும் பிடிபட்டிருந்தால் காற்று திரும்பினாலும் படகு திரும்பாது. பக்கத்துப் படகு உரசும் இடத்தில் பழைய டயரைத் தொங்கவிட வேண்டும்.

நங்கூரத்தின் பிடிமானம் எடையைவிடக் கயிற்றின் நீளத்தில்தான் இருக்கிறது. கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்துப் பெயர்த்துவிடும். நீளமாக இருந்தால் கிடைமட்டமாக இழுக்க, கொக்கி சேற்றில் இன்னும் ஆழப் புதையும். ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு என்பது உலகெங்கும் உள்ள கணக்கு. இன்றைய ஆழத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஆரணியாற்றில் வெள்ளம் வந்தால் நிற்கப்போகும் ஆழம்தான் கணக்கு. கரைக்கயிற்றுக்கும் இதே நியாயம்தான். வற்றும்போது இறுக்கிக் கட்டினால், நீர் ஏறும்போது அந்தக் கயிறே அணியத்தைக் கீழே அமுக்கும்.

கயிறு பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. படகின் விளிம்பில் ஓயாமல் உரசும் இடத்தில்தான் இழை இழையாகத் தேயும். அங்கே கிழிந்த ரப்பர் குழாயையோ சாக்குத் துணியையோ சுற்றிவிடுவது ஐந்து நிமிட வேலை. வெயில் தின்று வெளுத்துப்போன பிளாஸ்டிக் கயிறு பார்வைக்குத் தடிமனாக இருந்தாலும் வலு இருக்காது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

காற்றை நினைப்பவர்கள் மழையை மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே; ஆனால் அதற்கு முன்பே அதன் மழை சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மூழ்கடித்தது. எண்ணூரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படகிலும் வலையிலும் அப்பிக்கொண்ட துயரமும் அப்போதுதான். பத்து சதுர மீட்டர் திறந்த பரப்புள்ள படகில் 20 செ.மீ. மழை விழுந்தால் உள்ளே சேர்வது 2,000 லிட்டர், அதாவது இரண்டு டன் எடை. ஒரு பக்கம் சாய்ந்து அலை உள்ளே ஏறிவிட்டால் பிறகு மீட்பது கடினம். புறப்படும் முன் தண்ணீரை ஒட்ட இறைப்பதும், தார்ப்பாயை நடுவில் மேடாக இழுத்துக் கட்டுவதும் இதற்காகத்தான். இடையில் யாராவது போய் இறைக்கவும் வேண்டும். வெளியூர் போகிறவர் அந்தப் பொறுப்பைப் பக்கத்துப் படகுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

கழற்ற முடிந்த என்ஜின், எண்ணெய் கேன், வலை எல்லாம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். திருட்டுப் பயம் ஒரு காரணம். பாரம் குறைந்தால் படகு உயர்ந்து மிதக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

புயல் சின்னம் உருவானால் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் கூண்டு ஏறிய செய்தி வந்த அன்றே போய்க் கயிற்றையும் முடிச்சையும் பாருங்கள். முடிந்தால் படகைக் கரையேற்றிவிடுங்கள். பெரிய எண் கூண்டு ஏறி, காற்று வலுத்த பிறகு, படகைப் பார்க்கப் போகாதீர்கள்.