பால்வாடிப் பிள்ளைகள் – 7: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

சளி பிடித்த குழந்தைகளில் யாரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், யாரை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிவது பால்வாடி டீச்சருக்கு மிகவும் தேவையான மருத்துவ அறிவு. வயிற்றுப்போக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் சென்ற வாரத்தோடு முடிந்தன. இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது சளியும் ஜுரவலிப்பும்.

சாதாரணச் சளி மூக்கோடும் தொண்டையோடும் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் தானாக அடங்கும். நிமோனியாவில் கிருமி நுரையீரலின் காற்றறைகளுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே நீர் கோத்து நுரையீரல் விறைத்துப்போவதால் குழந்தையால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி இழுத்து ஈடுகட்டும். அதனால்தான் மூச்சின் எண்ணிக்கை ஏறுகிறது. இருமல் சத்தமோ மூக்கு ஒழுகும் அளவோ இதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

மூச்சை எண்ணியே நிமோனியாவைச் சந்தேகிக்கலாம் என்று 1980களில் எடுத்துக்காட்டியவர், பப்புவா நியூ கினியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷான். அதைச் சோதித்துப் பார்த்த முக்கியமான இடங்களில் ஒன்று வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலானோர் செய்த ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50க்கு மேலும், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் 40க்கு மேலும் மூச்சு ஓடுவது நுரையீரல் தொற்றுக்கு நம்பத்தக்க அடையாளம் என்று அது காட்டியது. உலக சுகாதார நிறுவனம் இன்றும் சொல்லும் அளவு கிட்டத்தட்ட இதுவே: இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. உலகெங்கும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்களுக்கு வேலூர்ப் பிள்ளைகளின் மூச்சும் சான்று சொல்லியிருக்கிறது. பால்வாடிக்கு வருபவர்கள் இரண்டு வயதைத் தாண்டியவர்கள் என்பதால் டீச்சருக்கு 40 என்ற ஒரே எண் போதும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகள் பாயில் தூங்கும் நேரம் எண்ணுவதற்குத் தோது. சட்டையை மேலே ஏற்றிவிட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போன் கடிகாரத்தை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும். சின்னப் பிள்ளைகளின் மூச்சு சீராக ஓடாது. அழுத பிள்ளையையும் ஓடியாடி வந்த பிள்ளையையும் அமர்த்திவிட்டுத்தான் எண்ண வேண்டும். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

எண்ணும்போதே விலாவின் கீழ்ப்பகுதியையும் கவனிக்கலாம். மூச்சிழுக்கையில் அது உள்ளே குழிந்தால் நோய் முற்றுகிறது என்று பொருள். தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, தட்டி எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

தாய் சொல்வதும் சான்றுதான். குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது என்று பெற்றவள் சொல்வதை வேலூர் ஆய்வும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டது. தமிழும் தெலுங்கும் புழங்கும், திருத்தணியை அடுத்த கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒருத்தி ‘இளைக்குது’ என்பாள், இன்னொருத்தி ‘ஆயாசம்’ என்பாள். இரண்டையும் கேட்டவுடன் டீச்சர் எண்ணத் தொடங்க வேண்டும்.

கடையில் வாங்கிய இருமல் சிரப்பைப் பால்வாடியில் கொடுக்கவே கூடாது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது; அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல் மருந்து பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஓய்வும் போதும்.

ஜுரவலிப்பு அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதுவரை டீச்சர்கள் நினைவில் வைக்க வேண்டியது: வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை.