"ஆள் எடுக்கிறாங்களாம்"

கீழ்பென்னாத்தூரில் விடியற்காலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் பஸ்ஸுக்குப் பையோடு நிற்கும் பிள்ளைகளிடம், வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். "தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் சொன்னாரு, ஆள் எடுக்கிறாங்கன்னு" என்பார்கள். அந்த அண்ணன் பெரும்பாலும் நெருங்கிய சொந்தமாக இருக்கமாட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. நாம் தினமும் டீக்கடையில் பார்க்கும் நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். எப்போதாவது பேசுகிறவர்தான் வேறு ஊரில், வேறு கம்பெனியில் இருக்கிறார். புதுச் சேதி அவரிடம்தான் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் இதை 1973இல் எழுதினார். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது: அதிகம் கைகொடுப்பது நெருக்கமான உறவும் அல்ல, முகமே தெரியாதவரும் அல்ல, ஓரளவு பழக்கமானவர்.

ஐடிஐயில் இரண்டு செட் மூத்தவர், பழைய சூப்பர்வைசர், அக்கா வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர் என்று அப்படி ஓரளவு பழக்கமானவர்களை ஒரு தாளில் எழுதுங்கள். இருபது பேராவது தேறுவார்கள். கார்த்திகை தீபத்துக்கும் பொங்கலுக்கும் அவர்களில் பலர் ஊருக்கு வருவார்கள். அப்போது நேரில் பேசிவிடலாம்.

கேட்கும் விதம் முக்கியம். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்றால் அவர் "பார்க்கலாம்பா" என்பார், மறந்துபோவார். இப்படி வாட்ஸப்பில் அனுப்பலாம்:

"அண்ணா, நான் கீழ்பென்னாத்தூர். ஐடிஐயில உங்களுக்கு ரெண்டு செட் ஜூனியர். ஃபிட்டர் முடிச்சு ஒரு வருஷம் அப்ரென்டிஸ் பண்ணியிருக்கேன். உங்க கம்பெனியில மெயின்டனன்ஸுக்கு ஆள் எடுத்தா யார்கிட்ட பேசணும்னு மட்டும் சொல்லுங்கண்ணா."

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். சிபாரிசு செய்து பெயரைக் கெடுத்துக்கொள்வோமோ என்ற பயமும் அவருக்கு இருக்காது.

இனி இணையம். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, தமிழ்நாட்டில் வேலையின்மை 50 சதவீதத்தை நெருங்கியதாக சிஎம்ஐஇ நிறுவனம் கணக்கிட்டது. அந்த ஜூனில்தான் மாநில அரசு 'தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம்' என்ற தளத்தைத் தொடங்கியது. ஆள் தேடுபவருக்கும் வேலை தேடுபவருக்கும் இலவசம். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015 முதல் இருக்கிறது. இவற்றில் வெறுமனே 'வேலை' என்று தேடாமல், தொழிலையும் இடத்தையும் சேர்த்து 'ஃபிட்டர், ஒரகடம்', 'டைலர், செய்யாறு' என்று தேடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் பதிவு செய்யும்போது அவசரத்துக்குக் கடைக்காரரின் மெயிலையும் நம்பரையும் போட்டுவிடுகிறார்கள். இன்டர்வியூ அழைப்பு அவருக்குப் போகிறது. பிள்ளை வீட்டில் காத்துக்கிடக்கிறது. இதைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. மெயில், நம்பர், பாஸ்வேர்ட் மூன்றும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு வேறு. அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்; ஆனால் பதிந்துவிட்டோம் என்று தேடுவதை நிறுத்தாதீர்கள்.

ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கித் தவித்தார்கள். வெளிநாடு என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முதலில் பாருங்கள். தெரிந்தவர் சொன்ன சேதி என்றாலும் பாருங்கள், அவரே ஏமாந்திருக்கலாம்.

நெட்டில் பார்த்த வேலைக்கு, அந்தக் கம்பெனி கேட்டுக்குள் போய்வரும் யாராவது ஒருவரைத் தேடிப்பிடித்து விசாரியுங்கள். எடுப்பது கம்பெனியா, கான்ட்ராக்டரா? பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? ரூம் வாடகையைச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா? நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்ப பஸ் இருக்கிறதா? இதெல்லாம் விளம்பரத்தில் இருக்காது. உள்ளே வேலை பார்க்கிறவருக்குத் தெரியும்.