பளபளப்பா, மங்கலா? ஒரு ரைஃபிள் கட்டையும் அதன் மேல் பூச்சும்

தேக்கு மேசைக்கு வார்னிஷ் அடிக்கிறதைப் பத்திப் பேசின எபிசோடுக்கு நிறைய கேள்விகள் வந்துச்சு. அதுல ஒண்ணு கொஞ்சம் வித்தியாசமானது. அமெரிக்காவுல வேட்டைக்குப் போறவங்க ரைஃபிளோட மரக்கட்டைக்கு கிளாஸி நல்லதா, சாட்டின் நல்லதான்னு அப்படி அடிச்சுக்கிறாங்களே, ஏன்?

நம்மள்ல பல பேர் துப்பாக்கியை பேங்க் வாசல்ல செக்யூரிட்டி தோள்லதான் பார்த்திருப்போம். பரவாயில்லை. இன்னைக்கு நாம பேசப்போறது மரத்து மேல ஒட்டியிருக்கிற ஒரு மெல்லிய படலத்தைப் பத்தி. வீட்டுல கிட்டார் இருந்தாலும் இது உதவும்.

இரும்புக் குழலைத் தாங்கி, தோள்ல வச்சு அழுத்திக்கிற மரப்பகுதிக்கு ஸ்டாக்னு பேரு. நல்ல ஸ்டாக்னா பெரும்பாலும் வால்நட் மரம்தான். கிளாஸினா கண்ணாடி மாதிரி முகம் தெரியிற பளபளப்பு. சாட்டின்னா பட்டுத்துணி மாதிரி அடங்கின மினுமினுப்பு.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஒரே வார்னிஷ், ஒரே ரெசின். சாட்டின் டப்பாவுல கூடுதலா நுண்ணிய சிலிக்கா தூள் கலந்திருப்பாங்க. வார்னிஷ் காய்ஞ்சு சுருங்கும்போது அந்தத் தூள் மேற்பரப்பை லேசா சொரசொரப்பாக்கிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளத்துல பட்டு வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். போனுக்கு மேட் ஸ்க்ரீன் கார்டு ஒட்டினா லைட்டோட பிம்பம் கலைஞ்சு தெரியுதே, அதே கதைதான். தூள் டப்பா அடியில தங்கிடும்ங்கிறதால, சாட்டினை நல்லா கலக்காம அடிச்சா ஒரு பக்கம் மினுங்கும், ஒரு பக்கம் மங்கும்.

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. பளபளன்னு இருந்தா மரத்துக்குப் பாதுகாப்பு அதிகம்னு ஒரு நம்பிக்கை. அப்படி இல்லை. பாதுகாப்பு படலத்தோட தடிமனையும் ரெசினோட வகையையும் பொறுத்தது. மூணு கோட் நல்ல சாட்டின் பாலியூரித்தேன், ஒரு கோட் கிளாஸியை விட ஈரத்தை நல்லாவே தாமதப்படுத்தும். விஸ்கான்சின் மாநிலம் மேடிசன்ல அமெரிக்க அரசோட மர ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணு 1910-லேர்ந்து இருக்கு. அவங்க பல வகைப் பூச்சுகளை எடுத்து, காத்துல இருக்கிற ஈரம் மரத்துக்குள்ள போறதை எது எவ்வளவு தடுக்குதுன்னு அளந்து பார்த்தாங்க. எபாக்ஸி மாதிரி பூச்சு நல்லா தாக்குப்பிடிச்சுது. பழைய ஆளுங்க கொண்டாடுற லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், ரொம்பப் பின்தங்கிடுச்சு. எந்தப் பூச்சும் ஈரத்தை முழுசா நிறுத்துறதில்லை, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ரைஃபிளுக்கு ஈரம் ஏன் பெரிய விஷயம்? மரம் ஈரம் குடிச்சா உப்பும், சில சமயம் முறுக்கும். உப்பின கட்டை குழலை ஒரு பக்கமா தள்ள ஆரம்பிச்சா குண்டு போய் படுற இடமே மாறிடும். வேட்டையில அப்படிக் குறி தவறினா மான் காயத்தோட காட்டுக்குள்ள ஓடிப்போய்க் கிடந்து சாகும். அதனால வெளிப்பக்கம் மினுங்குதா மங்குதான்னு மண்டையை உடைச்சுக்கிறதுக்கு முன்னாடி, உள்பக்கத்தைப் பார்க்கணும். குழல் உட்காருற பள்ளமும், தோள்ல படுற ரப்பர் பட்டைக்கு அடியில இருக்கிற மரத்தோட வெட்டுமுகமும் சீல் ஆகியிருக்கா? வெட்டுமுகம் ஸ்ட்ரா மாதிரி தண்ணியை உறிஞ்சும். வெளியில பிரமாதமா மினுங்குற பல கட்டைகள்ல உள்ளே வெறும் மரம்தான் இருக்கும்.

சரி, அப்புறம் ஏன் சண்டை? பாதி ஃபேஷன்தான். ராய் வெதர்பி 1945-ல கலிஃபோர்னியாவுல கம்பெனி ஆரம்பிச்சார். கார் பெயின்ட் மாதிரி மினுங்குற கட்டைதான் அவரோட அடையாளமாச்சு. 1962-ல வந்த ரெமிங்டன் 700-ஓட பிடிஎல் மாடல்லயும் அதே பளபளப்பு. பவுலிங் விளையாட்டுல உருட்டித் தள்ளுற கட்டைக்கு அடிக்கிற மாதிரியான கெட்டிப் பூச்சு அது. இதைப் பார்த்து முகம் சுளிச்சவங்களும் இருந்தாங்க. லண்டன்ல கையால எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்தின அடக்கமான மினுமினுப்புதான் அவங்களுக்கு அழகு. 1968-ல ரூகர் எம்77 வந்தப்போ அந்தப் பழைய பாணி திரும்பி வந்துச்சு. அந்தக் கட்டையை வடிவமைச்சவர் லென் பிரவுனெல்.

மீதி பாதி நிஜமான காரணம். வான்கோழி வேட்டைக்குப் போறவங்களுக்கு கிளாஸி தலைவலி. அந்தப் பறவைக்குக் கண்ணு பயங்கர கூர்மை, வெயில்ல ஒரு மின்னல் அடிச்சா போதும், போயிடும். களிமண் தட்டைப் பறக்கவிட்டு சுடுற போட்டிக்காரருக்கு அந்தக் கவலையே கிடையாது, தட்டுக்கு என்ன கண்ணா இருக்கு? அவர் ஆசைப்பட்டா கண்ணாடி மாதிரி வச்சுக்கலாம். வால்நட்டோட வரியோட்டம் அதுலதான் ஆழமா, தண்ணிக்குள்ள தெரியிற மாதிரி தெரியும். சாட்டின் அது மேல ஒரு மெல்லிய பனியைப் போடும். இதுல நான் கிளாஸி கட்சி, மறைக்கலை.

ஆனா கிளாஸிக்கு உழைப்பு ஜாஸ்தி. வால்நட்ல நுண்துளைகள் உண்டு. அதை அடைக்காம கிளாஸி அடிச்சா ஊசி குத்தின மாதிரி ஒவ்வொண்ணும் காட்டிக்கொடுக்கும். கீறலும் அப்படித்தான், தூரத்துலேர்ந்தே தெரியும். முள்ளுக்காட்டுல நடக்கிறவர் சாட்டின் வாங்குறது அதுக்குத்தான். சாட்டின்லயும் ஒரு வினோதம் இருக்கு: கையும் கன்னமும் உரசுற இடம் சில வருஷத்துல தானாவே பளபளப்பாயிடும்.

சொந்தமா அடிக்கிறவங்களுக்கு ஒரு வழி. அடி கோட் எல்லாம் கிளாஸியில ஏத்திட்டு, கடைசி கோட்டை மட்டும் சாட்டின்ல முடிங்க. இல்லைன்னா கிளாஸியா விட்டு, நாலு சைபர் ஸ்டீல் உல்லால ஒரே திசையில மெதுவா தேய்ங்க, மங்கிடும். சாட்டினைக் கிளாஸி ஆக்கணும்னா மேல புதுசா கோட் ஏத்தணும். அதனால முடிவு பண்ண முடியலைன்னா கிளாஸியில நிறுத்துறது புத்திசாலித்தனம். லின்சீட் ஆயில் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில போடாதீங்க. அது தானா சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்லைன்னா தண்ணியில முக்கி வைங்க.

கடைசியா, தாத்தாவோட பழைய ரைஃபிளை வச்சிருக்கிறவங்க. அமெரிக்காவுல இந்தக் கேள்வியைக் கேட்கிறவங்கள்ல பல பேர் இவங்கதான். அது 1964-க்கு முந்தின வின்செஸ்டர் மாடல் 70-யா இருந்தா, பழைய பூச்சைச் சுரண்டி புதுசா அடிச்சதும் சேகரிப்பாளர்கள் தர்ற விலை சடார்னு இறங்கிடும். கம்பெனியில அடிச்ச அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. முதல்ல ஈரத்துணியால அழுக்கை மட்டும் துடைச்சு, காயவிட்டு, கொஞ்சம் மெழுகு தேய்ச்சுப் பாருங்க. மங்கிப்போச்சுன்னு நினைச்சது பாதி நேரம் நாப்பது வருஷக் கைவியர்வையாத்தான் இருக்கும்.