உங்களுக்குத் தெரியுமா? அல்பாக்கா ஆடையின் தரம்

பெருவின் தலைநகர் லிமாவின் விமான நிலையக் கடைகளில் 'பேபி அல்பாக்கா' என விற்கப்படும் சால்வைகள் குட்டிகளின் உரோமத்தால் மட்டுமே ஆனவை அல்ல. ஆண்டிஸ் மலைமேட்டில் வளர்க்கப்படும் ஒட்டகக் குடும்ப விலங்கான அல்பாக்காவின் உரோமத்தில், ஏறத்தாழ 22 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 22 பங்கு, விட்டமுள்ள மெல்லிய இழைகளை, அரெகிப்பா நகர ஆலைகளில் தேர்ந்த பெண்கள் வியக்கத்தக்க நுட்பத்துடன் விரலால் தொட்டுணர்ந்தே பிரித்தெடுக்கும் தரப்பிரிவே 'பேபி அல்பாக்கா'. மலிவான நினைவுப் பொருள்களில் அக்ரிலிக் எனும் செயற்கை இழை பெரும்பாலும் கலந்திருப்பதால், கலவை விழுக்காட்டைக் காட்டும் உட்பட்டையைப் படிப்பது இன்றியமையாதது. பேபி அல்பாக்காவினும் மெல்லிய, 12 முதல் 13 மைக்ரான் இழை தரும் காட்டு விலங்கான விகுன்யா, வேட்டையால் 1960களில் அழிவின் விளிம்பை எட்டியது. உயிருடன் பிடித்து, உரோமம் கத்தரித்து, மீண்டும் மலையில் விடும் 'சாக்கு' எனும் இன்கா காலத்து முறையும் அதைக் காக்க உதவி வருகிறது.