எம்மி பரிசும் ஸி.பி.எஸ். முதலாளிகளும்

அமெரிக்காவில் டெலிவிஷன் தொழிலைச் சேர்ந்தவர்கள் வருஷந்தோறும் ஒன்றுகூடி, தங்களுக்குள் சிறந்தவர்களுக்கு எம்மி என்னும் பரிசை வழங்கி வருகிறார்கள். 2025ம் வருஷம் செப்டம்பர் மாதம் 14ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 77வது வைபவம் நடந்தேறியது. அங்கு வந்திருந்த நடிகைகளின் ஆடை ஆபரணங்களைப் பற்றி எழுதப் பிறர் இருக்கிறார்கள். நமது கவனத்தைக் கவர்ந்த விஷயம் வேறு. ஒரு நிகழ்ச்சியை நிறுத்திவிடப் போவதாக அதன் முதலாளிகள் அறிவித்து இரண்டு மாதங்கூட நிறையவில்லை. அதற்குள், அத்தொழிலில் உழைப்பவர்கள் தங்கள் வோட்டினால் அதே நிகழ்ச்சிக்குப் பரிசு கொடுத்தார்கள். நான்கு கம்பெனிகள் முறை வைத்து ஒளிபரப்பும் இந்த வைபவம், அவ்வருஷம் நிறுத்தியவர்களுடைய முறையிலேயே வந்து வாய்த்தது!

எம்மிக்குப் பூர்வோத்தரம் பெரிதல்ல. 1949ம் வருஷம் ஜனவரி மாதம் 25ந் தேதி ஹாலிவுட்டில் ஒரு கிளப்பில் 5 டாலர் டிக்கெட்டுடன் தொடங்கியது. ஷர்லி டின்ஸ்டேல் என்ற இளம்பெண்ணுக்கு முதற்பரிசு கிடைத்தது; உதடு அசையாமல் பேசிப் பொம்மையைப் பேசவைப்பது அவருடைய வித்தை. இன்று பரிசளிக்கும் சபையில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் உண்டு. நடிகரை நடிகர்களும், எழுத்தாளரை எழுத்தாளர்களும் தெரிந்தெடுத்து அபேக்ஷகர்களாக நிறுத்துகிறார்கள். கம்பெனி அதிகாரிகளும் அங்கத்தினரில் இல்லாமற் போகவில்லை. ஆயினும் தொழில் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்தவர்களுக்கு அளிக்கும் தீர்ப்பு இது என்பதில் ஐயமில்லை.

மற்றப் பரிசுகளில் ஆக்ஷேபம் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வாழ்க்கையைச் சித்திரிக்கும் 'தி பிட்' சிறந்த நாடகத் தொடராயிற்று. 'தி ஸ்டூடியோ' என்ற ஹாஸ்யத் தொடர் 13 பரிசுகளைத் தட்டிக்கொண்டது. ஹாஸ்யத்தில் ஒரே வருஷத்தில் இத்தனை பெற்றது வேறில்லை. 'அடாலஸென்ஸ்' நாடகத்தில் நடித்த ஓவென் கூப்பர் என்ற பிரிட்டிஷ் சிறுவனுக்கு வயது 15 தான்.

இனி, நிறுத்தப்பட்ட நிகழ்ச்சியின் கதைக்கு வருவோம். ஸ்டீபன் கோல்பெர் 2015 முதல் ஸி.பி.எஸ். கம்பெனியில் 'லேட் ஷோ' என்ற இரவு நிகழ்ச்சியை நடத்தி வந்தவர். நாட்டின் அதிபரைப் பரிகசிப்பது அவருக்கு அன்றாட அலுவல். தேர்தல் காலத்தில் கமலா ஹாரிஸுடன் நடந்த பேட்டியைத் திரித்து வெளியிட்டதாக ஸி.பி.எஸ். மீது டிரம்ப் வழக்குத் தொடுத்திருந்தார். கம்பெனியின் உடைமையாளரான பாரமவுண்ட், 2025 ஜூலையில் 1 கோடி 60 லக்ஷம் டாலர் கொடுத்து ராஜியாகிவிட்டது. அச்சமயத்தில் அந்தப் பாரமவுண்டை மற்றொரு கம்பெனியுடன் இணைக்கும் மனு சர்க்கார் கமிஷன் முன் காத்துக்கிடந்தது. ஜூலை 14ந் தேதி, இந்த ராஜி லஞ்சமே என்று கோல்பெர் பகிரங்கமாகச் சொன்னார். 17ந் தேதி, 2026 மே மாதத்துடன் நிகழ்ச்சி முடியும் என்ற அறிவிப்பு வந்தது. 24ந் தேதி, இணைப்புக்குக் கமிஷன் சம்மதித்தது.

பண விஷயமே காரணம் என்றார்கள் முதலாளிகள். வருஷத்துக்கு 4 கோடி டாலர் நஷ்டம் என்று பத்திரிகைகளிலும் செய்தி வெளிவந்தது. நியாயஸ்தலத்தில் பழகிய நாம், தேதிகள் அடுத்தடுத்து நிற்பதாலேயே குற்றம் ருஜுவாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இரவு நிகழ்ச்சிகளுக்கு விளம்பர வருமானம் குறைந்து வருவதும் மெய்தான். ஆனால் சர்க்காரின் தயவை எதிர்நோக்கி நிற்கும் ஒருவன், அந்தச் சர்க்காரைக் கண்டித்தவனை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினால், தன் மனத்தூய்மையை ருஜுப்பிக்கும் பாரம் அவனையே சேர்ந்தது. 'நம்புங்கள்' என்ற வாய்வார்த்தை அதற்குப் போதாது.

வைபவத்தில் கோல்பெர் மேடையேறியதும் சபை முழுவதும் எழுந்து நின்று கரகோஷம் செய்தது. தமக்கும் தம்முடன் உழைக்கும் 200 பேருக்கும் வேலை தருவார் உண்டோ என்று அவர் வேடிக்கையாகக் கேட்டார். கேட்டவர்கள் சிரித்தார்கள், அந்த இருநூறு குடும்பங்களின் நிலைமை சிரிப்புக்கு உரியதன்று.

இதே கம்பெனியில் இதற்கு முன்னும் இப்படி நடந்ததுண்டு. 1967ல் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் இருவர் ஸி.பி.எஸ்.ஸில் ஹாஸ்ய நிகழ்ச்சி தொடங்கினார்கள். வியட்நாம் யுத்தம் உக்கிரமாயிருந்த சமயம் அது. தன் படையை ஆழந்தெரியாத ஆற்றில் இறக்கும் தளகர்த்தனைப் பற்றி பீட் ஸீகர் பாடியதை, அதிபர் ஜான்ஸனைக் குத்திக் காட்டுவதாகக் கருதி அதிகாரிகள் அவ்வருஷம் வெட்டியெறிந்தார்கள். சகோதரர்கள் விடாது போராடவே, 1968 பிப்ரவரியில் அனுமதித்தார்கள். இவ்விதம் இழுபறியாகவே போய், 1969 ஏப்ரலில், முன்பார்வைக்கு நாடாவை உரிய காலத்தில் அனுப்பவில்லை என்று காரணங்காட்டி நிகழ்ச்சியையே ஒழித்துவிட்டார்கள். ஜூன் மாதம் அதே நிகழ்ச்சியின் எழுத்தாளர்களுக்கு எம்மி கிடைத்தது. செத்த பிள்ளைக்கு ஜாதகம் கணித்த கதைதான். பரிசைக் கண்டு கம்பெனி மனம் மாறவில்லை.

சகோதரர்கள் பரிசோடு திருப்தியடையாமல் ஒப்பந்தத்தைக் கையிலெடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 1973ல் அவர்கள் கக்ஷி ஜெயித்தது. நஷ்டஈடு 7,76,000 டாலருக்கு மேல். பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றிய பிரசங்கங்களைவிட, ஒப்பந்தத்தில் எழுதிய நான்கு வரிகள் அங்கே அதிக உபயோகமாயிருந்தன. டெலிவிஷனில் உழைக்கும் எழுத்தாளர்களும் நடிகர்களும் வோட்டுச் சீட்டில் செலுத்தும் சிரத்தையில் பாதியையேனும், நிகழ்ச்சியை எக்காரணங்கொண்டு நிறுத்தலாம், எக்காரணங்கொண்டு நிறுத்தலாகாது என்ற ஷரத்தில் செலுத்துவார்களாயின், அடுத்த கோல்பெருக்குக் கரகோஷத்தைவிட உறுதியான துணை ஒன்று இருக்கும்.

1969ல் பரிசுக்குப் பெயர்கள் அனுப்பியபோது, தம் பெயர் இருந்தால் மற்ற எழுத்தாளர்களுக்குப் பாதகமாகுமென்று அஞ்சி, மூத்தவரான டாம் ஸ்மதர்ஸ் தம் பெயரை விட்டுவிட்டார். அவருக்குரிய எம்மியைச் சபையார் 2008ல் மேடையில் அழைத்துக் கொடுத்தார்கள். அப்பொழுது அவருக்கு வயது 71.