காடுதான் காரணமா?

தருமபுரி மாவட்டத்தில் நக்சல் இயக்கம் ஏன் வேர் பிடித்தது என்று எங்க பென்னாகரத்தில் கேட்டால், பலரும் மேற்கே கை காட்டுவார்கள். காடு, மலை, காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. ஒளிய இடம் இருந்தது, வந்தாங்க. மேப்பை விரித்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை. பாலனும் தோழர்களும் 1970களின் கடைசியில் வேலை செய்த நாயக்கன்கொட்டாய், தருமபுரி–திருப்பத்தூர் சாலைப் பக்கம் இருக்கிற மானாவாரி ஊர். ஒகேனக்கல் காட்டுக்கு நேர் எதிர்த் திசை.

அவர்கள் கையில் எடுத்தது கந்துவட்டியையும் டீக்கடை இரட்டைக் குவளையையும்.

இதில் கடனுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையை இங்கேதான் ஓட்டிப் பார்த்தார்கள். எங்க தொழில் பாஷையில் சொன்னால் பைலட் ப்ராஜெக்ட். இடையில் ஜமீன் இல்லை, விவசாயியே நேராக அரசுக்கு வரி கட்டணும், அதுவும் ரொக்கமாக. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மானாவாரி பூமியில் மழை பொய்த்த வருஷம் ரொக்கத்துக்கு எங்கே போவது? வட்டிக்காரரிடம்தான். நிலம் வைத்திருந்தவர் நிலத்தை அடமானம் வைத்தார். நிலமே இல்லாத தலித் கூலிக்காரரிடம் உழைப்பு மட்டும்தான் இருந்தது. 1882 சென்னை வனச் சட்டம் வந்தபின் காட்டில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு. பஞ்ச காலத்தில் கைகொடுத்த அந்த வழியும் குறுகியது.

காட்டையும் எல்லையையும் நிஜமாகவே பயன்படுத்திக்கொண்டவர் வீரப்பன். 1952இல் அவர் பிறந்தபோது கோபிநத்தம் சென்னை மாநிலத்துக் கொள்ளேகால் தாலுகாவில் இருந்தது. 1956இல் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. ஊர் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ். அவருக்கு அது வசதி. 2004இல் நம்ம பாப்பாரப்பட்டி பக்கம் சுடப்படும்வரை அவர் பிழைத்தது காட்டால். ஆனா தந்தமும் சந்தனக்கட்டையும் ஒரு இயக்கத்தை உண்டாக்கவில்லை. ஒளிய இடம் இருந்தால் ஒளியலாம், அவ்வளவுதான்.

1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் குண்டுவெடித்து போலீசார் இறந்தார்கள். அதன்பின் வால்டர் தேவாரம் தலைமையில் வேட்டை. செப்டம்பரில் பாலன் இறந்தார். சில வருஷங்களில் இயக்கம் ஒடுங்கியது. அப்பு, பாலன் சிலைகள் நாயக்கன்கொட்டாயில் இன்னும் நிற்கின்றன. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனியின் தலித் வீடுகள் எரிக்கப்பட்டதும் அதே ஊர்ப் பக்கம்தான்.