தறியறிந்தவர் செய்த பொறி

போச்சம்பள்ளிச் சேலையின் ஊடைநூலைச் சாயத்திற்குக் கட்டுமுன், அரைவட்டமாக நட்ட முளைகளில் சுற்றவேண்டும். தெலுங்கில் அதனை ‘ஆசு’ என்பர். சேலையொன்றுக்குக் கை ஏறத்தாழ 9,000 முறை போய்வரவேண்டும். தாயார் லட்சுமியின் தோள்நோவைக் கண்ட சிந்தகிந்தி மல்லேசம் 1999இல் அதற்கோர் இயந்திரம் அமைத்தார். நான்கைந்து மணி வேலை ஒன்றரை மணியில் அடங்கிற்று. 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது.

அவர் பள்ளிப்படிப்பு இடையிலேயே நின்றது. பொறியியற் கல்வி வீணென்று நாம் சொல்லவரவில்லை. மோட்டாரைப் பற்றி அவரும் கற்கவே நேர்ந்தது. ஆனால் இழை எங்கே தளர்ந்தால் சாயக்கோலம் பிசகும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வரைபடத்தில் அது தெரியாது.

சிவகிரி வட்டார அங்கத்தினர்கள் புதுக்கருவிக்குப் பணம் ஒதுக்குமுன், அதனை வடிவமைப்பவரைப் பாவோடும் இடத்தில் ஒருநாளேனும் உட்காரச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.